சக்கரத்துக்குள் இருக்கும் காற்று

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னும் இரண்டொரு வாரங்களில் ஊர் நோக்கிப் புறப்படும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டியவர்கள், பங்காளி வீட்டுத் திருமணத்துக்குச் செல்ல வேண்டியவர்கள், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் ஒரு மாதம் விட்டுவர எண்ணுபவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. முன்னாளில் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரெயிலேறிய குடும்பங்கள் பல இன்று சொந்தக் காரில் ஓசூர்ச் சாலையைப் பிடிக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் கடைப்பலகைகளில் தமிழ் எழுத்தைக் கண்டு குழந்தைகள் கூச்சலிடுவதும், கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்திச் சிற்றுண்டி அருந்துவதும் அப்பயணத்தின் இன்பங்கள்.

புறப்படுமுன் நம் வீடுகளில் நடக்கும் ஏற்பாடுகள் கொஞ்சநஞ்சமல்ல. முறுக்கும் எலுமிச்சைச் சாதமும் கட்டப்படுகின்றன. பாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். எஞ்சின் எண்ணெயையும் பிரேக்கையும் ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிடுகிறோம். டயரில் காற்று மட்டும், "வழியில் பெட்ரோல் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தக் காற்றுக்கே ஒதுக்க எண்ணியுள்ளோம். காரணம் இருக்கிறது.

பெங்களூரில் நம் கார் ஓடும் விதம் வேறு. ஊருக்குப் போகையில் ஓடும் விதம் வேறு. இங்கே சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளத்திலும் அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். உள்ளே இருப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. டயரில் 10 ராத்தல் காற்றுக் குறைந்திருந்தாலும் அவ்வேகத்தில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிடலாம். அதே வண்டியில் ஒருநாள் ஐந்து பேர் ஏறுகிறார்கள். பின்புறம் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. ஓசூர் தாண்டியதும் வேகம் 100 கிலோமீட்டரைத் தொடுகிறது. மேட்டு நிலத்திலிருந்து இறங்க இறங்க வெயிலும் ஏறுகிறது. வேலூர்ப் பக்கம் நண்பகலில் 40 டிகிரி. நகரத்தில் மறைந்திருந்த குறை, சுமை, வேகம், வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் அந்த ஒரு நாளில்தான் தலையெடுக்கிறது. அன்றுதான் குடும்பம் முழுவதும் வண்டிக்குள் இருக்கிறது.

காரைத் தாங்குவது டயரின் ரப்பர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதனுள் புதைந்த நூலும் எஃகுக் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிவைக்கும் பை. கணக்கு எளிது. ஆட்களோடும் சாமான்களோடும் 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ, அதாவது ஏறக்குறைய 660 ராத்தல். டயரில் சதுர அங்குலத்துக்கு 32 ராத்தல் வீதம் காற்றழுத்தம் இருந்தால், அந்த எடையைத் தாங்கச் சுமார் 20 சதுர அங்குலம் நிலத்தில் பதிய வேண்டும். அது நம் தபால் கார்டு ஒன்றின் அளவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு குடும்பம் நான்கு தபால் கார்டுகளின் மேல் நிற்கிறது என்றால் மிகையாகாது. பெட்ரோல் பங்கில் "முப்பது", "முப்பத்திரண்டு" என்று சொல்லுவதெல்லாம் இந்தச் சதுர அங்குல ராத்தல் கணக்குத்தான், பி.எஸ்.ஐ. என்பதும் அதுவே. அளவு மீறி ஏற்றினால் மயிலிறகு கூட வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் சொன்ன வள்ளுவர், இந்நாளில் இருந்தால் டயரையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

காற்றை ரப்பருக்குள் அடைத்துச் சக்கரத்தில் மாட்டும் எண்ணம் முதலில் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவருக்குத் தோன்றியது. 1845-இல் அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் குதிரை வண்டிக் காலத்தில் அதைக் கேட்பார் இல்லை. எண்ணம் மறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கல் பாவிய தெருவில் தம் சிறுவன் மூன்று சக்கர வண்டியில் குலுங்கிக் குலுங்கிச் செல்வதைக் கண்டு, ரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டிக் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அவரும் காப்புரிமை பெற்றார். பிறகு தாம்சனின் பழைய உரிமை வெளிப்படவே டன்லப்பின் உரிமை செல்லாதென்று ஆயிற்று; பெயர் மட்டும் அவருக்கே நிலைத்தது. மோட்டார் வண்டிக்குக் காற்று டயர் தாங்குமா என்ற ஐயத்தைப் போக்கியவர்கள் பிரெஞ்சுச் சகோதரர்களான மிஷெலின்கள். 1895-இல் நடந்த பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் அவர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை, வழிநெடுக ட்யூப் மாற்றுவதே வேலையாக இருந்தது. எனினும் வண்டி ஊர் வந்து சேர்ந்தது. உலகம் கண்டுகொண்டது.

நம் நாட்டுக் கதையும் சுவையானதே. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர்த் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பர் செய்தார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து டயரே செய்யலானார். அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். பலூனில் தொடங்கி டயரில் முடிந்தது என்று சிலர் வியப்பார்கள். நமக்கு அதில் வியப்பில்லை. இரண்டும் காற்றைக் கட்டிவைக்கும் தொழில்தானே. கிராமத்து மாட்டு வண்டிக்குக்கூட இரும்புப் பட்டை போய் டயர் வந்ததும், அதே மாடுகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்ததும் நம்மில் மூத்தவர்கள் கண்ணாரக் கண்டவை.

இனி, காற்றுக் குறைந்தால் என்ன நேரும்? மேலே சொன்ன டயரில் 32-க்குப் பதில் 22 ராத்தல் இருப்பதாகக் கொள்வோம். அதே எடையைத் தாங்க இப்போது 30 சதுர அங்குலம் பதிய வேண்டும். டயர் சப்பையாகிறது, அதன் பக்கச்சுவர் மடங்குகிறது. "அதிக இடம் பதிந்தால் பிடிப்பும் அதிகமாகத்தானே இருக்கும்?" என்று அல்சூரிலிருந்து அன்பர் ஒருவர் முன்பு கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதே, மணலில் சிக்கிய வண்டியைக் கிளப்பக் காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. ஆனால் அது ஆமை வேகத்துக்குரிய உபாயம். சாதாரணக் காரின் டயர் ஒரு தடவை சுற்றினால் சுமார் 1.9 மீட்டர் நகரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதினான்கு தடவைக்கு மேல் சுற்றுகிறது. பெங்களூரிலிருந்து சென்னை சேருவதற்குள் ஏறத்தாழ 1,80,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பாகமும் ஒரு முறை மடங்கி நிமிர வேண்டும். ஒரு கம்பியை ஒடிக்க விரும்பும் சிறுவன் அதை இப்படியும் அப்படியும் வளைப்பான் அல்லவா? வளைத்த இடத்தைத் தொட்டால் கை சுடும். டயருக்குள் நடப்பதும் அதுவே. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்குகிறது. அதனால் அதிகமாகச் சூடேறுகிறது. சூட்டால் ரப்பருக்கும் எஃகுப் பின்னலுக்கும் இடையேயுள்ள ஒட்டு தளர்கிறது. முடிவில் மேற்பட்டை உரிந்து பறக்கும், அல்லது பக்கச்சுவர் கிழியும். "வெயிலில் காற்று அதிகமாகி டயர் வெடித்தது" என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கு, காற்று முன்பே குறைந்திருந்ததுதான் காரணம்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் போர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டிகளில் பூட்டப்பட்ட பயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இவ்விபத்துகளோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 271. டயரின் அமைப்பிலேயே குறை இருந்தது என்பது அரசாங்க ஆய்வின் முடிவு. ஆயினும் விவாதத்தின் நடுவே வந்து நின்றது காற்றின் அளவு. கார்க் கம்பெனி 26 ராத்தல் போதும் என்று குறித்திருந்தது. டயர்க் கம்பெனி 30 வேண்டும் என்றது. டெக்ஸாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களிலேயே விபத்துகள் குவிந்தன. அளவையே குறைவாக வைத்து, மாதக்கணக்கில் சோதிக்காமல் விட்டு, பாரம் ஏற்றி வெயிலில் விரைந்தால், குறையுள்ள டயருக்குத் தப்ப வழியில்லை. அவ்வாண்டிறுதியிலேயே அந்நாட்டில் புதுச் சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று.

அந்த விளக்கு இன்று நம் நாட்டிலும் பல கார்களில் இருக்கிறது. இருப்பது நல்லதே. ஆனால் அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் கால் பங்கு குறைந்தபின் அது எரிந்தால் போதும். 32 ராத்தல் வைக்க வேண்டிய டயரில் 25 இருக்கும்வரை அது வாய் திறக்காமல் இருக்கலாம். தீயணைப்பு மணி இருக்கிறது என்று அடுப்பைக் கவனியாமல் விடுவாரில்லை.

கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ காற்றை அளந்த காலம் போய்விட்டது. இக்காலத்து ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்று இருக்கும்போதே சற்றுப் பிதுங்கித் தோன்றும். 32-க்கும் 24-க்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. நாமக்கல் லாரிக்காரர்கள் கம்பியால் டயரைத் தட்டி ஓசையைக் கேட்டே சொல்வார்கள். அது அவர்கள் அனுபவத்தின் பலன், காருக்கு ஒத்துவராது. அத்துடன் ட்யூப் இல்லாத டயர் வந்தபின் இன்னொரு மாற்றமும் நேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஆணி குத்தினால் ட்யூப் கிழிந்து சற்று நேரத்தில் டயர் படுத்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இப்போதோ ஆணியே துளையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று நாளுக்கு ஓரிரு ராத்தலாகக் கசிகிறது. வண்டியும் வழக்கம் போல் ஓடுகிறது. ஆணியே இல்லாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ராத்தல் தானே குறையும். அடுக்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூன்று மாதம் தூங்கிய காரை நேரே ஊருக்கு எடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.

ஆகவே காற்றுமானி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். விலை சில நூறு ரூபாய், உள்ளங்கையில் அடங்கும். காரின் பன்னிரண்டு வோல்ட் துளையில் செருகி இயக்கும் சிறு பம்ப்பும் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பெங்களூரில் ஜே.சி. ரோடு உதிரிப்பொருள் கடைகளில் இரண்டையும் கேட்டு வாங்கலாம்.

எவ்வளவு வைப்பது? இதில்தான் குழப்பம் மிகுதி. காற்றடிக்கும் பையன் ரப்பர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு "எஷ்டு ஹாக்லி சார்?" என்று கன்னடத்தில் கேட்கிறான். ஓட்டுபவர் விழிக்கிறார். "எல்லாருக்கும் போடறதைப் போடு தம்பி" என்கிறார். பையனும் 35 வைத்து அனுப்புகிறான். முன்னால் வந்த சிறு காருக்கும் அதுதான். பின்னால் நிற்கும் வேனுக்கும் அதுதான். இன்னும் சிலர் டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குனிந்து படித்து, 44 என்றோ 51 என்றோ கேட்டு வாங்குகிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவன்று.

உங்கள் வண்டிக்குரிய அளவைக் கார் செய்தவரே எழுதி ஒட்டியிருக்கிறார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு சாத்தும் தூணில் பாருங்கள். அங்கே இல்லையேல் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். கைப்புத்தகத்தில் நிச்சயம் இருக்கும். பல வண்டிகளில் அச்சீட்டில் இரண்டு வரிசை காணப்படும். ஒன்று இரண்டு மூன்று பேர் செல்வதற்கு. மற்றொன்று நிறைந்த பாரத்துக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அளவு வேறுபடுவதும் உண்டு. நிறைந்த பாரத்துக்குரிய வரிசை பெரும்பாலும் பின் சக்கரங்களுக்குச் சில ராத்தல் கூடுதலாகச் சொல்லும். ஊர்ப் பயணத்துக்கு நாம் கொள்ள வேண்டியது அந்த இரண்டாம் வரிசை. இதைப் பலர் ஒரு தடவைகூடப் படித்ததில்லை என்பது எம் அனுமானம். சீட்டில் 220 என்றோ 2.2 என்றோ இருந்தால் அஞ்ச வேண்டாம். முன்னது கிலோபாஸ்கல், பின்னது பார். இரண்டும் ஏறத்தாழ 32 ராத்தலே. மின்சாரக் கார்கள் கனமானவை. அவற்றின் அளவும் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். பழைய காரின் பழக்கத்தில் 30 என்று சொல்லிவிடக் கூடாது.

சீட்டிலுள்ள எண் குளிர்ந்த டயருக்குரியது. இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் வீண். குளிர்ந்த டயர் என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடியிருந்தாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. அதிகாலையில் வீட்டு வாசலில் அளப்பதே சிறந்தது. ஓடிய டயரில் காற்றின் சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஐந்தரை டிகிரி செல்சியசுக்கு ஒரு ராத்தல் என்பது தோராயக் கணக்கு. காலையில் 32 வைத்துப் புறப்பட்ட டயர், கிருஷ்ணகிரியில் சிற்றுண்டிக்கு நிறுத்தும்போது 37 அல்லது 38 காட்டலாம். அதில் தவறில்லை, அந்த ஏற்றத்தையும் எண்ணித்தான் 32 என்று வகுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே யாரேனும் ஒருவர், "காற்று அதிகமாயிருக்கிறது, வெயிலில் வெடித்துவிடும்" என்று சொல்லி 32-க்கு இறக்கிவிடுகிறார். அன்றிரவு சேலத்திலோ மதுரையிலோ டயர் ஆறியபின் அளந்தால் 27 இருக்கும். காக்க எண்ணிச் செய்த காரியமே அபாயத்தை விலை கொடுத்து வாங்குகிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

இவ்விடத்தில் பெங்களூர்க்காரர்களுக்கே உரிய ஒரு சந்தேகம் எழும். நம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னையோ கடற்கரை. இங்கே வைத்த காற்று அங்கே மாறாதா? மாறும். காற்றுமானி காட்டுவது டயருக்குள் உள்ள அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடற்கரையில் வெளிக்காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 ராத்தல் அழுத்துகிறது, பெங்களூரில் 13.2 அளவே. ஆகையால் இங்கே 32 காட்டிய டயர், வேறொன்றும் மாறாதிருந்தால், சென்னையில் முப்பதரைதான் காட்டும். ஆனால் வேறொன்று மாறுகிறது. மே மாதத்தில் இங்கே விடியற்காலை 22 டிகிரி என்றால் சென்னையில் 28. அந்த ஆறு டிகிரி ஏறக்குறைய ஒரு ராத்தலைத் திருப்பித் தருகிறது. கூட்டிக் கழித்தால் அரை ராத்தல் நஷ்டம். கவலைப்படும் அளவில் இல்லை. மலை எடுத்துக்கொண்டதை வெயில் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது நமக்கே மகிழ்ச்சியாயிருந்தது. திரும்பி வரும்போதும் இதே கணக்குத் தலைகீழாக நடக்கும். உயரம் மாறுகிறது என்பதற்காக வழியில் எங்கும் காற்றைத் திருத்த வேண்டியதில்லை.

மிகுதியாகக் காற்றடிப்பதும் நன்றன்று. "சற்று அதிகமாகவே இருக்கட்டும், மைலேஜ் கிடைக்கும்" என்பவர்களும் நம்மிடையே உண்டு. மிகுந்தால் டயரின் நடுப்பாகம் மட்டுமே தேயும், பதியும் இடம் சுருங்கும், குழியில் விழுந்தால் அடி பலமாகப் படும். நம் நகரச் சாலைகளில் குழிக்கா பஞ்சம்? குறைந்தால் இரு ஓரங்களும் தேயும். பழைய டயரைத் தடவிப் பார்த்தாலே, சொந்தக்காரர் எப்படிப் பராமரித்தார் என்பது தெரிந்துவிடும். மைலேஜைப் பொறுத்தவரை, நான்கு டயர்களிலும் ஒரு ராத்தல் குறைந்தால் பெட்ரோல் செலவு நூற்றுக்கு 0.2 அளவே கூடும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பத்து ராத்தல் குறைந்தாலும் நூற்றுக்கு இரண்டுதான். பெட்ரோலைக் காட்டிப் பயமுறுத்த நாம் விரும்பவில்லை. பாழாகும் டயரின் விலை அதைவிடப் பெரிது, உயிரின் விலையோ சொல்லத் தேவையில்லை.

மழைக்கும் இதில் பங்குண்டு. தேங்கிய நீரில் விரைந்து செல்லும் டயர் ஒரு வேகத்துக்கு மேல் நிலத்தை விட்டெழுந்து நீரின் மேல் வழுக்கும். விமான டயர்களைச் சோதித்து 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் கண்ட விதிப்படி, அந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 ராத்தலில் சுமார் 94 கிலோமீட்டர்; 22-இல் 78. காரில் டயரின் பள்ளங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து எண் மாறலாம், போக்கு மாறாது. சித்திரை வைகாசியில் மாங்காய் மழை திடீரென்று கொட்டும் ஓசூர் நெடுஞ்சாலையிலும், தர்மபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் நெடுந்தூரம் இறங்கும் சரிவிலும் இதை எண்ணி வேகத்தைத் தணித்துக்கொள்வது நலம்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்டு எழுதாத மாதமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரம் இராது என்பவை உண்மை. பணம் கொடுத்து அடித்தவர் அதை நம்பி ஆறு மாதம் அளக்காமல் விட்டால், பெட்ரோல் பங்கில் இலவசக் காற்றை மாதந்தோறும் பார்த்து அடிப்பவரே மேலானவர். பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பையனுக்கு ஐந்தோ பத்தோ கொடுப்பது நம் மனம். காற்றடித்தபின் வால்வின் சிறு மூடியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அது தூசியைத் தடுக்கும். மறதியில் அங்கேயே கிடந்துவிடுவதுதான் வழக்கம்.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அத்தெருவின் பெயர்தான் கடல் கடந்து வந்து நம் பஞ்சர் கடைகளில் வாழ்கிறது. டிக்கியில் விரிப்புக்கு அடியில் கிடக்கும் அந்தச் சக்கரத்திலும் காற்றுக் குறைந்துகொண்டே இருக்கும். நடுவழியில் இறக்கி மாட்டும்போது அதுவும் சப்பையாயிருந்தால், குழந்தைகளோடு சாலையோரம் நிற்க நேரிடும். பல புதிய கார்களில் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிடச் சிறியது. அதில் ஓட்டக்கூடிய வேக வரம்பு பெரும்பாலும் 80 கிலோமீட்டர் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். 2020 ஜூலையில் நம் நாட்டு விதி திருத்தப்பட்டபின், காற்று எச்சரிக்கைக் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள ட்யூப் இல்லாக் கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம். புதிதாகக் கார் வாங்கியவர்கள் விரிப்பைத் தூக்கி, சக்கரம் இருக்கிறதா, சாமான் பெட்டி இருக்கிறதா என்று புறப்படும் நாளுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

டயரின் வயதும் ஒரு சொல் பெற வேண்டும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் நின்ற டயரும் மூப்படையும். பழைய கார் வாங்கியவர்கள், பள்ளம் ஆழமாயிருக்கிறதென்று மகிழுமுன் இந்த எண்ணைப் படித்துக்கொள்க. ஆண்டுகள் பல ஆகி, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றியிருந்தால், சரியான காற்றும் அதை நெடுந்தூரப் பயணத்துக்குத் தகுதியாக்காது.

ஊரிலிருந்து திரும்பும்போது வண்டி போனபோது இருந்ததைவிடக் கனமாயிருக்கும் என்பது எல்லா வீட்டு அனுபவம். பாட்டி கொடுத்த அரிசி மூட்டை, புளி, எண்ணெய் டின், போதாததற்குக் கிருஷ்ணகிரியில் வாங்கும் மாம்பழக் கூடை. எனவே நிறைந்த பாரத்துக்குரிய அளவை ஊரிலும் புறப்படும் நாள் அதிகாலையில், குளிர்ந்த டயரில், வீட்டுக் காற்றுமானியாலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் வந்து மூட்டைகளை இறக்கி, வண்டி ஓர் இரவு நின்றபின், பின் சக்கரங்களில் கூடுதலாக வைத்த சில ராத்தலை முதல் வரிசை அளவுக்கு இறக்கிவிடலாம். அப்போது ஏதேனும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மூன்று நான்கு ராத்தல் குறைவாகக் காட்டினால், பயணத்தில் எங்கோ ஓர் ஆணி ஏறியிருக்கிறது என்று பொருள். மறுநாளே பஞ்சர் கடையில் காட்டி, அந்த டயரை நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.